மூடிக்கு வெளியே நிற்கும் ஆராய்ச்சி

பல்கலைக்கழகங்களில் ஆராய்ச்சி பலவிதம் என்கிறார்கள். சரி, ஒரு சாக்கடைக் குழியை வைத்துப் பார்ப்போம். வேதியியல்காரரைக் கேளுங்கள்: ஹைட்ரஜன் சல்பைடு என்பார். அழுகின முட்டை நாத்தம் அடிக்கும்; அளவு கூடினால் மூக்கு மரத்து, அந்த நாத்தமும் தெரியாது. மூச்சு எப்படி நிற்கிறதென்று மருத்துவத் துறை சொல்லும். வடிவமைப்புக்காரர்கள் எந்திரமே செய்துவிட்டார்கள். மலக்குழிக்கென்று சென்னை அய்.அய்.டி. செய்த 'ஹோமோசெப்' 2022இல் வந்தது. மேலாண்மைத் துறைக்கு காண்ட்ராக்ட் கணக்கு அத்துப்படி.

இத்தனை பேருக்கு இத்தனையும் தெரியும். 2013லேயே தடைச் சட்டமும் வந்தாச்சு. ஆனாலும் ஆவடியில் 2023இல் கழிவுநீர்த் தொட்டி ரெண்டு பேரைத் தின்றது. 2024 ஆகஸ்டில் அதே ஆவடியில் இன்னொருவர் சாக்கடையில் செத்தார். அதற்கு முந்தின வருசம்தான் இப்படிச் சாகிற உயிருக்கு 30 லட்சம் கொடுக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம்.

'டெக்னாலஜி வந்தா சரியாயிடும்' என்பவர்களே, எந்திரம் வந்துவிட்டது. எந்திரத்தைவிட எங்க ஆளு மலிவு. மலிவாக்கி வைத்திருப்பது எது? ஒன்றிய அரசின் நமஸ்தே திட்டம் 2024இல் தந்த கணக்கில், இந்தத் தொழிலாளர்களில் மூன்றில் ரெண்டு பங்குக்கு மேல் தலித்துகள்.

வாயுவை அளந்தீர்கள், நுரையீரலை அளந்தீர்கள், லாபத்தை அளந்தீர்கள். குழிக்குள் இறக்கும் சாதியை எந்தத் துறை அளக்கப்போகிறது? அந்த ஆராய்ச்சியைக் குழிக்குள் இறங்கினவனின் பிள்ளைகள் செய்யட்டும். வழிகாட்டி நாற்காலியிலும் அவர்களே உட்காரட்டும்.