சாவி கொடுத்த கைக்கும் கணக்கு உண்டு



சென்ற ஆண்டு ஓர் இரவு, இஷாத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் விளக்குகளை அணைத்துக்கொண்டிருந்த வேளையில், நம் மதரஸாவில் ஓதும் மாணவர் ஒருவரின் தந்தை நம்மைத் தேடி வந்தார். உடன் மஹல்லாவின் பெரியவர்கள் இருவரும் வந்திருந்தனர். மகனுக்குப் பதினேழு வயது. பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றதற்காகத் தந்தை தம் பெயரில் வாங்கிக் கொடுத்த மோட்டார் சைக்கிள் வீட்டில் இருந்தது. முந்தைய நாள் நண்பர் வீட்டுத் திருமணத்திற்குப் போன பிள்ளை, நள்ளிரவு கடந்து திரும்பும் வழியில், சைக்கிளில் தேநீர் விற்கும் முதியவர் ஒருவர் மீது மோதிவிட்டான். முதியவருக்குத் தொடை எலும்பு முறிந்தது. பிள்ளையிடம் மது வாடை வீசியதாக மருத்துவமனைக் குறிப்பில் பதிவாகியிருந்தது.

தந்தை கேட்டது ஒரு கடிதம் மட்டுமே. "ஹஜ்ரத், நாலு வருஷமா உங்ககிட்ட ஓதுறான். நல்ல பிள்ளைன்னு ரெண்டு வரி எழுதிக் கொடுத்தா ஸ்டேஷன்ல சொல்லிப் பார்த்துக்குவோம்." பெரியவர்கள் இருவரும் தலையசைத்தனர். நாம் எழுதிக் கொடுத்தோம். இம்மாணவர் நான்கு ஆண்டுகளாக நம்மிடம் ஓதி வருகிறார் என்று எழுதினோம், அது உண்மை. மது முதலிய தீய பழக்கங்கள் எதுவும் இல்லாதவர் என்றும் எழுதினோம். அது நமக்குத் தெரியாத செய்தி. தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதி, மதரஸாவின் முத்திரையையும் வைத்தோம்.

இந்தக் கட்டுரையை எழுதும் தகுதி நமக்கு உண்டா என்ற கேள்வியோடுதான் எழுதுகிறோம். ஆயினும் நம் சமுதாயத்தில் இத்தகைய கடிதங்கள் எழுதப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. கடிதம் கிடைக்காத இடத்தில் செல்வாக்குள்ளவரின் தொலைபேசி அழைப்பு போகிறது. அதுவும் இல்லையெனில், உரிமம் வைத்திருக்கும் மாமாவோ மச்சானோ "நான்தான் ஓட்டினேன்" என்று முன்வந்து நிற்கிறார். ஆகவே பேசாமல் இருக்க இயலவில்லை.

முதலில் நாட்டின் சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பெற்றோர் அறிந்துகொள்ள வேண்டும். பலரும் இன்னும் 500 ரூபாய் அபராதக் காலத்திலேயே வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள். 2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டு, 199ஏ என்றொரு புதிய பிரிவு சேர்க்கப்பட்டது. பதினெட்டு வயது நிரம்பாதவர் வாகனம் ஓட்டிக் குற்றம் நிகழ்ந்தால், பாதுகாவலரோ வாகன உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவார். மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை. அதோடு 25,000 ரூபாய் அபராதம். வாகனத்தின் பதிவு பன்னிரண்டு மாதங்களுக்கு ரத்தாகும். அந்தப் பிள்ளை இருபத்தைந்து வயது ஆகும்வரை உரிமம் பெற இயலாது. வெளிநாட்டில் ஓட்டுநர் வேலைக்கு மகனை அனுப்பக் கனவு காணும் குடும்பங்கள் இந்த இறுதி வரியை இன்னொரு முறை வாசிக்கட்டும்.

"எனக்குத் தெரியாமல் எடுத்துப் போய்விட்டான்" என்று தந்தை சொல்லலாமே என்று கேட்பீர்கள். சொல்லலாம், ஆனால் அதை மெய்ப்பிக்கும் சுமை அவருடையது. அவருடைய சம்மதத்தோடுதான் வாகனம் ஓட்டப்பட்டது என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்பதே அப்பிரிவின் வாசகம். தமக்குத் தெரியாது என்பதையோ, தடுக்க உரிய முயற்சிகள் அனைத்தையும் செய்தார் என்பதையோ அவரே நிரூபிக்க வேண்டும். தினமும் காலையில் அதே வாகனத்தில் பால் வாங்க மகனை அனுப்பிய வாப்பாவும் உம்மாவும் தெருவெல்லாம் பார்த்திருக்க, எதைக் கொண்டு நிரூபிப்பார்கள்?

பதினாறு வயதில் உரிமம் கிடைக்கும் என்றொரு தவறான நம்பிக்கையும் உலவுகிறது. அது ஐம்பது சிசிக்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டிகளுக்கு மட்டும். நம் தெருக்களில் ஓடும் ஸ்கூட்டிகள் 110, 125 சிசி வகையைச் சேர்ந்தவை. அவற்றுக்குப் பதினெட்டு நிரம்பியே ஆக வேண்டும்.

மது சேர்ந்துவிட்டால் நிலைமை இன்னும் கடுமையாகிறது. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் 185ஆம் பிரிவின்படி குற்றம். முதன்முறைக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மெலிந்த உடல்வாகுள்ள ஒரு பிள்ளைக்கு அந்த அளவைத் தாண்ட ஒரு பெரிய பாட்டில் பீரே போதும். சட்டம் 30 மில்லிகிராமிலிருந்து கணக்கைத் தொடங்குகிறது. ஷரீஅத்திலோ போதை தரும் பானத்தின் ஒரு மிடறும் ஹராம்தான். தமிழ்நாட்டில் இருபத்தொரு வயது நிரம்பாதவருக்கு மது விற்பதே குற்றம். அப்படியாயின் பதினேழு வயதுப் பிள்ளைக்கு யாரோ ஒரு பெரியவன் வாங்கிக் கொடுத்திருக்கிறான். குழந்தைக்கு மதுவைக் கொடுப்பவருக்கு, அல்லது கொடுக்கச் செய்பவருக்கு, 2015ஆம் ஆண்டின் இளையோர் நீதிச் சட்டம் 77ஆம் பிரிவில் ஏழாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. திருமண வீட்டின் பின்புறம் நிற்கும் காரின் டிக்கியில் என்ன இருக்கிறது என்று தெரிந்தும் "இளசுங்க, கண்டுக்காதீங்க" என்று சொல்லும் மாப்பிள்ளையின் அண்ணன்மார் இதை அறிவார்களா? மதுவைச் சுமப்பவரையும் பிறருக்கு ஊற்றிக் கொடுப்பவரையும் சபித்த நபிமொழியை மட்டும் ஜும்ஆ பயானில் பலமுறை கேட்டிருப்பார்கள்.

பணத்தைப் பற்றியும் ஒரு சொல். காப்பீடு இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்போர் பலர். உரிமம் இல்லாதவர் ஓட்டிய வாகனத்தால் நேர்ந்த இழப்புக்கு, காப்பீட்டு நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்துவிட்டு, அத்தொகையை வாகன உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்படி நீதிமன்றங்கள் உத்தரவிடுகின்றன. சாவியைத் தமக்குத் தெரியாமல் உறவினர் எடுத்துப் போனதாக வாதிட்ட ஒருவரின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2011இல் அவருக்கு எதிராகவே முடிந்தது. வாகனம் தவறாகப் பயன்படாமல் காப்பது உரிமையாளரின் கடமை என்பதே அங்கு சொல்லப்பட்டது. வீட்டை விற்று ஈடு கொடுக்க வேண்டிய நிலை வரலாம்.

புனே நகரில் 2024ஆம் ஆண்டு மே மாதம் நிகழ்ந்ததை நாட்டில் அறியாதவர் குறைவு. மது அருந்தியிருந்ததாகக் கூறப்பட்ட பதினேழு வயதுச் சிறுவன் ஓட்டிய சொகுசுக் கார், மோட்டார் சைக்கிளில் சென்ற இரு இளம் பொறியாளர்களின் உயிரைப் பறித்தது. சில மணி நேரங்களில் அவனுக்கு ஜாமீன் கிடைத்தது. சாலை விபத்துகள் பற்றி முந்நூறு சொற்களில் கட்டுரை எழுத வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளுள் ஒன்று. நாடே கொதித்தது. நாம் இங்கு சுட்டுவது அதற்குப் பின் நிகழ்ந்தவற்றை. இரத்த மாதிரியை மாற்றியதாக மருத்துவர்கள் கைதாயினர். மகனுடைய மாதிரிக்குப் பதிலாகத் தம் இரத்தத்தைக் கொடுத்ததாகத் தாய் கைதானார். பழியை ஏற்றுக்கொள்ளும்படி ஓட்டுநரை அடைத்து வைத்து மிரட்டியதாகத் தந்தையும் பாட்டனாரும் கைதாயினர். குற்றச்சாட்டுகளின் மெய்ப்பொய்யை நீதிமன்றம் முடிவு செய்யும். அச்சிறுவனை வயது வந்தவராகக் கருதி விசாரிக்க வேண்டும் என்ற கோரிக்கையை இளையோர் நீதி வாரியம் 2025இல் நிராகரித்துவிட்டது. ஆக, வாகனத்தை ஓட்டியவன் சட்டத்தின் பார்வையில் குழந்தையாகவே இருக்கிறான்; அவனைக் காப்பாற்றப் புறப்பட்டதாகச் சொல்லப்படும் பெரியவர்கள் சிறைக்குப் போனார்கள்.

அந்தச் செய்தி வந்த நாட்களில் நம் மஹல்லா வாட்ஸ்அப் குழுக்களில் பணக்காரர்களின் அநியாயம் என்று எத்தனை பதிவுகள்! அந்தக் குடும்பம் கோடிகளை வைத்துச் செய்ததாகச் சொல்லப்படுவதை, நாம் ஒரு மதரஸா முத்திரையை வைத்துச் செய்தோம். அளவில்தான் வேறுபாடு.

இனி, நம் வீடுகளில் கேட்கும் சாக்குகளுக்கு வருவோம்.

"சின்னப் பிள்ளை, ஹஜ்ரத்." இது சட்டத்தின் மொழி. பதினெட்டு வயது வரை குழந்தை என்பது இந்நாட்டுச் சட்டத்தின் கருணை. அதை நாம் குறை கூறவில்லை. ஆனால் ஃபிக்ஹின் மொழி வேறு. பருவமடைந்த அடையாளம் தோன்றினால், அல்லது பிறைக் கணக்கில் பதினைந்து வயது நிறைந்தால் பாலிக் என்பதே ஷாஃபி மத்ஹபின் நிலை. அடையாளம் தோன்றாத ஆணுக்கு இமாம் அபூஹனீஃபா (ரஹ்) பதினெட்டு என்று கூறினாலும், அவர்களின் இரு பெரும் மாணவர்கள் பதினைந்து என்றே கூறினர். ஹனஃபி மத்ஹபில் ஃபத்வாவும் அதன்படியே. பதினேழு வயது மகனுக்குத் தொழுகை கடமை, நோன்பு கடமை, மது அருந்தினால் அவனுடைய ஏட்டில் பாவம். ரமளானில் அவனை "பெரிய பிள்ளை" என்று ஸஹருக்கு எழுப்பும் வீடு, காவல் நிலையத்தில் மட்டும் "சின்னப் பிள்ளை" என்று சொல்வது எப்படி?

அதே ஃபிக்ஹ் குடும்பத்தையும் விட்டுவிடவில்லை. தவறுதலாக ஓர் உயிர் போனால், இறந்தவரின் குடும்பத்துக்குத் தியத் என்னும் உயிரீட்டுத் தொகையும், கொன்றவர் மீது கஃப்பாராவும் விதியாகின்றன. அந்நிஸா அத்தியாயத்தின் 92ஆம் வசனம் இதைப் பேசுகிறது. அடிமையை விடுதலை செய்ய வழியற்ற இக்காலத்தில், அது இடைவிடாத இரண்டு மாத நோன்பு. அந்தத் தியத்தைச் செலுத்தும் பொறுப்பை ஃபுகஹாக்கள் ஆகிலா எனப்படும் தந்தைவழி உறவினர் மீது வைத்தனர். "எங்களுக்கும் அவன் செய்ததற்கும் என்ன தொடர்பு" என்று சிற்றப்பாவும் பெரியப்பாவும் ஒதுங்க முடியாது. 199ஏ பிரிவைக் கண்டு "மகன் செய்ததற்கு வாப்பாவைப் பிடிக்கிறார்களே" என்று வியக்கும் நாம், நம் சொந்த நூல்களைத் திறந்து பார்க்கவில்லை.

"எல்லாம் தக்தீர்." விபத்து நடந்த வீட்டில் முதலில் கேட்கும் சொல் இதுவே. இறைவிதியை நம்புவது ஈமானின் அங்கம். ஆனால் ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டுத் தவக்குல் பேசியவருக்கு நபி (ஸல்) அவர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்பதை நம் மக்தபில் ஏழு வயதுப் பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள். மேலும், தொடை முறிந்து கிடப்பவரின் வீட்டார் சொல்ல வேண்டிய சொல்லை மோதியவனின் வீட்டார் சொல்வது வெட்கக்கேடு.

"நம்மாளை நாமே விட்டுக் கொடுக்கலாமா?" நம்மைக் கடிதம் எழுத வைத்தது இந்தக் கேள்விதான். இதற்கான பதில் அந்நிஸா அத்தியாயத்தின் 105ஆம் வசனத்திலிருந்து தொடர்கிறது. அதன் பின்னணியாகத் தஃப்ஸீர் நூல்கள் ஒரு நிகழ்வைக் கூறுகின்றன. மதீனாவில் முஸ்லிம் என்று அறியப்பட்ட ஒருவன் ஒரு கவசத்தைத் திருடி, பழியை ஒரு யூதர் மீது போட்டான். அவனுடைய குலத்தார் திரண்டு வந்து, எங்கள் ஆள் குற்றமற்றவர் என்று நபி (ஸல்) அவர்களிடம் பரிந்து பேசினர். வசனங்கள் இறங்கின, மோசடிக்காரர்களுக்காக வாதாட வேண்டாம் என்று தடுத்தன, யூதர் குற்றமற்றவர் என்பது வெளிப்பட்டது. இந்தப் பாடத்தை நாம் பத்தாண்டுகளுக்கும் மேலாக மாணவர்களுக்கு நடத்தி வருகிறோம். பெரியவர்கள் இருவருடன் ஒரு தந்தை வந்து நின்ற இரவில் அது நம் நினைவுக்கு வரவில்லை.

நினைவூட்டியவர் அந்தத் தேநீர் வியாபாரி. அவர் முஸ்லிம் அல்லர். ஃபஜ்ருக்குப் பின் நம் பள்ளிவாசல் வாயிலில் முப்பது ஆண்டுகளாகத் தேநீர் விற்றவர். மூன்று வாரம் கழித்து நாம் அவரைப் பார்க்கச் சென்றபோது கட்டிலில் படுத்திருந்தார். நலம் விசாரித்தோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தத் தம்பி குடிக்கவே இல்லைன்னு நீங்க எழுதிக் குடுத்தீங்களாமே பாய்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

மறுநாள் இரண்டாவது கடிதம் எழுதினோம். முதற்கடிதத்தில் மாணவரின் ஒழுக்கம் பற்றி எழுதியது நாம் நேரில் அறிந்ததன்று, அதைத் திரும்பப் பெறுகிறோம் என்று எழுதிக் காவல் நிலையத்தில் நேரில் கொடுத்துப் பெற்றுக்கொண்டமைக்கு ரசீதும் வாங்கினோம். ஜமாஅத் நிர்வாகம் நம்மை அழைத்து விளக்கம் கேட்டது, சொன்னோம். பதினெட்டு வயது நிரம்பாத மாணவர் வண்டியில் வந்தால், சாவியை வாங்கி வைத்துத் தந்தையை நேரில் வந்து பெற்றுக்கொள்ளச் சொல்வது என்று மதரஸாவில் முடிவெடுத்தோம். முதல் வாரத்தில் மட்டும் பதினொரு சாவிகள் நம் மேசை இழுப்பறையில் கிடந்தன. வாங்க வந்தவர்களுள் நால்வர் சண்டையிட்டார்கள்.

அந்தத் தந்தை இப்போது நம் ஸலாத்துக்குப் பதில் சொல்வதில்லை. அவருடைய இளைய மகனையும் மக்தபிலிருந்து நிறுத்திவிட்டார். மூத்தவன் மட்டும் சில நாட்களில் அஸருக்கு வருகிறான். கடைசி ஸஃப்பில் நின்று தொழுதுவிட்டு, நம் கண்ணில் படாமல் நடந்தே வீட்டுக்குப் போகிறான்.