மகனை வயரிங் வேலைக்கு விடுவோமா?

கடந்த மாதம் பதுளையிலுள்ள எனது கடையில் ட்ரிப் சுவிட்ச் விழுந்துகொண்டே இருந்தது. வயரிங் பாஸ் ஒருவரைத் தேடி மூன்று நாள் அலைந்தேன். பிரிட்ஜிலிருந்த யோகட் அத்தனையும் நட்டம்.

கடைசியில் வந்தவர் பசறைப் பக்கத் தோட்டத்துத் தம்பி. லயத்தில் பிறந்து, என்.வி.கியூ. 4ஆம் மட்டம் முடித்தவர். ஈரம் ஏறிய வயரை அரை மணியில் கண்டுபிடித்தார். கேட்ட கூலியை மறுபேச்சின்றிக் கொடுத்தேன்.

"அம்மா கொழும்புக் கடைக்குப் போகத்தான் சொன்னாங்க, ஹாஜியார்" என்றார்.

நாம் மட்டுமென்ன? டொக்டர், இன்ஜினியர், இல்லையேல் கட்டார் விசா. அங்கும் தொழில் தெரிந்தவனுக்கே கூடுதல் சம்பளம் என்பதைக் கணக்குப் பார்க்கும் வியாபாரிகளே பார்ப்பதில்லை. என்.வி.கியூ. 7ஆம் மட்டம் பட்டத்துக்குச் சமம் என்பதும் பலருக்குத் தெரியாது.

என் மகன் சாதாரண தரம் எழுதியிருக்கிறான். தம்பியின் இலக்கத்தை வாங்கி வைத்துள்ளேன். கடைக்காக என்றுதான் வீட்டில் சொல்லியிருக்கிறேன்.