கடலுக்குப் போன மண்

தோழியரே, பெரும் மழைக்கு மறுநாள் பதுளு ஓயா தேநீர் நிறத்தில் ஓடும். கொழுந்து மலையில் மேல்மண் கரைவதை, வெளியே தெரியும் தேயிலை வேரைப் பார்த்தே எங்கள் தோட்டத்துப் பெண்கள் சொல்லிவிடுவார்கள். ஓயா மகாவலியில் சேர்கிறது. மகாவலி திருகோணமலை கொட்டியாரக் குடாவில் கடலைத் தொடுகிறது. வழியில் படிந்தது போக மிச்ச மண் கடலுக்குத்தான்.

துரைமாரின் பேரேட்டில் கொழுந்துக்குக் கணக்கு இருந்தது, மண்ணுக்கு ஏது? கென்யாவில் அந்தக் கணக்கை ஒரு முருகைக்கல் வைத்திருந்தது. முருகைக்கல், சிற்றுயிர்கள் கட்டும் சுண்ணாம்பு வீடு. மர வளையம்போல ஆண்டுக்கொரு படை வைக்கும். ஆற்று வண்டல் உப்புநீரில் கலக்கும்போது பேரியம் என்ற உலோகத்தை விடும். அதில் மிகச் சிறிதளவு, கல்சியத்தின் இடத்தில் கல்லுக்குள் உட்கார்ந்துகொள்ளும். மாலிந்திக் கடலில், சபாக்கி ஆற்று வண்டல் வந்து சேரும் இடத்தில் வளர்ந்த கல்லைத் துளைத்து, 300 ஆண்டுப் படைகளை அளந்து 2007இல் முடிவை வெளியிட்டார்கள். 1700 முதல் 1900 வரை வண்டல் ஏறக்குறைய ஒரே அளவு. வெள்ளைக்காரர் குடியேறி நிலம் திருத்திய 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து ஏறிக்கொண்டே போயிற்று.

இப்படியே கட்மியம், பொஸ்பரஸ் அளந்து, பழைய கடலில் மீனுக்கு அடிப்படையான ஊட்டச்சத்து எவ்வளவு இருந்தது என்றும் பார்க்கிறார்கள்.

1977இலும் 1983இலும் வன்னிக்கு ஓடிய எம்மவர் பலரின் கடதாசிகள் எரிந்துபோயின. கல்லில் பதிந்தது எரியாது என்று எழுத நினைத்தேன். ஆனால் நம் கரையோரத்தில் முருகைக்கல்லை நெடுங்காலம் சுண்ணாம்புச் சூளையில் சுட்டிருக்கிறார்களே! எத்தனை ஆண்டுக் கணக்கு அதில் வெந்ததோ.