மேய்ப்பவர் இல்லாத மாடு

ஹவாய் தீவில் காசு கட்டினால் மாடு சுடலாம். வழிகாட்ட ஆள் வருவார், ஜீப் வரும், துப்பாக்கி இல்லாதவருக்குத் துப்பாக்கியும் கிடைக்கும். பல ஆயிரம் டாலர் செலவு. சுட்ட காளையின் கொம்பையும் மண்டையோட்டையும் ஊருக்குக் கொண்டுபோய்ச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம். இப்படி ஒரு விளம்பரப் படம் நம் தோழர்களின் அலைபேசிகளில் சுற்றிக்கொண்டிருக்கிறது. "மாட்டைச் சுடறதை வேடிக்கையாக்கிட்டாங்க, கண்டிச்சு எழுதுங்கண்ணா" என்று இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

கண்டிக்கத்தான் போகிறேன். ஆனால் துப்பாக்கி வெடித்ததைப் பற்றி எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. அந்த மாடு அங்கே எப்படி வந்தது, ஏன் இன்னும் அங்கே நிற்கிறது என்பதில்தான் என் வழக்கு இருக்கிறது.

முதலில் அந்தப் பெயர். விளம்பரத்தில் காட்டு மாடு என்கிறார்கள். நம்ம ஆனைமலையில் காட்டுமாடு என்றால் அது தனிச் சாதி, காட்டிலேயே பிறந்து காட்டுக்கே உரியது. ஹவாயில் நிற்பது அது இல்லீங்க. அது வீட்டு மாடு. கப்பலில் வந்த மாடு.

1793இல் ஜார்ஜ் வான்கூவர் என்ற ஆங்கிலேயக் கப்பற்படைத் தலைவர் கலிபோர்னியாவிலிருந்து நீண்ட கொம்புள்ள ஸ்பானிய மாடுகளை ஏற்றிவந்து, அந்தத் தீவின் அரசர் கமேஹமேஹாவுக்குக் கொடுத்தார். பயணத்தில் வாடிப்போனவை சில செத்தன. 1794இல் மறுபடியும் கொண்டுவந்தார். மந்தை பெருகட்டும் என்று பத்து ஆண்டுகளுக்கு யாரும் மாட்டைத் தொடக்கூடாது என அரசர் தடை போட்டார். அந்தத் தடைக்கு அவர்கள் மொழியில் கபு என்று பெயர். புனிதம், விலக்கு இரண்டும் அந்த ஒரே சொல்லில் அடக்கம். மீறினால் உயிர் போகும்.

மாடு வளர்த்தவர் யாராவது இந்த ஏற்பாட்டைக் கேட்டால் தலையில் கை வைத்துக்கொள்வார். கட்டுத்தறி கிடையாது, பட்டி கிடையாது, மூக்கணாங்கயிறு கிடையாது, பால் பீச்ச ஆள் கிடையாது. மேய்ச்சல் மட்டும் உண்டு, அதுவும் ஒரு தீவு அளவுக்கு. அடிக்கப் புலியும் இல்லை, நரியும் இல்லை. சொந்தமாக அந்தத் தீவுக்கு இருந்த பாலூட்டிகள் ஒரு வௌவாலும் கடலோரத்துச் சீலும்தான். பன்றியும் நாயும்கூட மனிதர் படகில் கொண்டுவந்தவை. குளம்புள்ள ஆடுமாடு எதையும் அந்தத் தாவரங்கள் பல லட்சம் வருசமாகப் பார்த்ததே இல்லை. அதனால் அங்கே பல செடிகளுக்கு முள்ளே இல்லை, இருக்கிற இடத்திலும் பேருக்குத்தான். புதினாக் குடும்பத்துச் செடிகளில் பலவற்றுக்குக் காரமான வாசனைகூட இல்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அதற்குத் தேவையே வரவில்லை பாருங்க. அப்படிப்பட்ட வெள்ளாமைக்குள் மாட்டை அவிழ்த்துவிட்டால் என்ன ஆகும்?

ஆனது. மாடுகள் மலையேறிப் பல ஆயிரமாகப் பெருகின. சேப்பங்கிழங்குத் தோட்டத்திலும் சர்க்கரைவள்ளிக் காட்டிலும் இறங்கி மேய்ந்தன. விரட்டலாம், கொல்ல முடியாது. ஊர்ச் சனங்கள் தங்கள் தோட்டங்களைச் சுற்றிக் கருங்கல் மதில் எடுத்தார்கள். மாட்டைப் பட்டியில் அடைப்பதற்குப் பதிலாக மனுசன் தன்னைப் பட்டியில் அடைத்துக்கொண்ட கதை இது.

அதற்குப் பிறகுதான் வேட்டை வந்தது. ஜான் பார்க்கர் என்ற அமெரிக்க மாலுமி துப்பாக்கியோடு வந்து, 1815 வாக்கில் அரசரின் அனுமதியோடு இந்த மாடுகளைச் சுட ஆரம்பித்தார். உப்புக்கண்டம், தோல், கொழுப்பு எல்லாம் கப்பல்காரர்களுக்கு விலை போயிற்று. அந்தத் தீவுகளின் சந்தனமரத்தை வெட்டி விற்றுத் தீர்த்துக்கொண்டிருந்த காலம். அடுத்த சரக்காக மாடு கிடைத்தது. 1847இல் அவர் பெயரில் தொடங்கிய பண்ணை பின்னாளில் அமெரிக்காவின் பெரிய மாட்டுப் பண்ணைகளில் ஒன்றாக வளர்ந்தது.

மாடு பிடிக்க 1830களில் மெக்சிகோப் பக்கத்திலிருந்து குதிரை வீரர்களை வரவழைத்தார்கள். அவர்கள் செய்த ஒரு வேலை எனக்கு ரொம்பப் பிடித்தது. சுருக்குக் கயிறு வீசிக் காளையைப் பிடித்து இரவு முழுக்க மரத்தில் கட்டிப்போடுவார்கள். மறுநாள் பழகின எருது ஒன்றை ஓட்டிவந்து, இரண்டையும் சேர்த்துப் பிணைத்துவிடுவார்கள். எருது மெதுவாக இழுத்துக்கொண்டு பட்டிக்கு வந்து சேரும். நாம புது மாட்டை ஏருக்குப் பழக்கும்போது அனுபவமுள்ள மாட்டோடு சேர்த்துப் பூட்டுகிறோமே, அதே சங்கதி. அந்த மாடு திரும்பவும் வீட்டுக்கு வரக்கூடிய மாடுதான் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

எல்லோரும் இப்படிச் செய்யவில்லை. குழி வெட்டி மேலே தழை பரப்பி மாடு பிடித்தவர்களும் உண்டு. 1834இல் டேவிட் டக்ளஸ் என்ற ஸ்காட்லாந்துத் தாவரவியலாளர் மௌனா கேயா மலைச்சரிவில் அப்படி ஒரு குழிக்குள் செத்துக் கிடந்தார். உள்ளே ஏற்கெனவே ஒரு காளை விழுந்திருந்தது. தானாக விழுந்தாரா, யாரும் தள்ளினார்களா என்ற பேச்சு அன்றைக்கே கிளம்பியது, இன்னும் ஓயவில்லை.

காட்டுக்கு என்ன நடந்தது? கோவா என்று ஒரு மரம், நம்ம வேலமரத்துக்கு உறவு. பெரிய மரத்தை மாடு ஒன்றும் செய்யாது. கீழே முளைக்கும் கன்றைத்தான் தின்னும். கிழமரம் ஒவ்வொன்றாகச் சாய, எழுந்து வர இளசு இல்லாமல் காடு புல்வெளியானது. காடு போனதும் ஓடையும் போனது. கடைசியில் கவலைப்பட்டவர்கள் யார் தெரியுமா? கரும்புத் தோட்ட முதலாளிகள். தண்ணீர் இல்லாமல் கரும்பு இல்லையே! அவர்கள் ஆதரவோடு 1903இல் காப்புக்காடு அமைக்கச் சட்டம் வந்தது. வேலி போட்டு, உள்ளே நின்ற மாடுகளை வெளியேற்றினார்கள், சுட்டும் தீர்த்தார்கள். இயற்கையின் மேல் பாசம் வந்து செய்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் வேலை நடந்தது.

இப்போது அந்தக் கட்டண வேட்டைக்கு வருவோம். நடத்துபவர்கள் சொல்லும் நியாயம் ஒன்று உண்டு. இந்த மாடு அந்தத் தீவுக்கு அந்நியம், காட்டைக் கெடுக்கிறது, ஆகவே சுடுவது காட்டுக்குச் செய்யும் உதவி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மாடு வைத்திருப்பவரிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார். காசு கட்டி வருகிறவர் எதைச் சுடுகிறார்? பெரிய கொம்புள்ள காளையை. கிடாரியையும் கறவையையும் சுட்டுக் கொம்பு மாட்ட யாரும் கடல் தாண்டி வருவதில்லை. ஒரு பொலிகாளை ஊருக்கே போதும் என்பது நம்ம வீட்டுப் பிள்ளைக்கும் தெரியும். பத்துக் காளையில் எட்டைச் சுட்டாலும் அடுத்த வருசம் கன்று குறையாது. குறைந்தால் விளம்பரக்காரருக்குப் பிழைப்பு இல்லை. தொல்லை சரக்காக மாறிவிட்டால், அந்தத் தொல்லை தீரக்கூடாது என்று நினைக்கும் ஆளும் கூடவே உருவாகிவிடுகிறார். பார்க்கர் காலத்திலிருந்து இருநூறு வருசம் சுட்டாகிவிட்டது. இன்னும் விளம்பரம் போட மாடு மிச்சம் இருக்கிறது.

ஊர்க்காரர் வேட்டை வேறு. அந்தத் தீவில் பன்றியோ மாடோ அடித்து வீட்டு அடுப்புக்கும் பக்கத்து வீட்டுக்கும் பங்கு வைக்கும் குடும்பங்கள் நிறைய. கடையில் எல்லாமே கப்பலில் வந்து விலையேறிக் கிடக்கும் ஊர் அது. வேலி போட்டு மிருகத்தை அப்புறப்படுத்தும் திட்டங்களை அவர்கள் எதிர்க்கிறார்கள். அவர்கள் வயிற்றுப்பாட்டை நான் குறை சொல்ல மாட்டேன். இன்னொரு கூத்தையும் கேளுங்க: தீவின் பண்ணைகளில் பிறக்கும் கன்றுகளில் பெரும்பகுதியை அமெரிக்கப் பெருநிலத்துக்குக் கப்பலேற்றிக் கொழுக்க வைக்கிறார்கள். தீவுக்காரர் தின்னும் மாட்டுக்கறியில் பெரும்பகுதி வெளியிலிருந்து வருகிறது.

சரி, எதுதான் பலித்தது? மௌனா கேயாவின் கிழக்குச் சரிவில் ஹக்காலாவ் என்ற காட்டை 1985இல் பறவைகளுக்கான சரணாலயமாக்கினார்கள். மேற்பகுதியில் மாடு மேய்ந்து மொட்டையாகக் கிடந்த நிலம். வேலி போட்டார்கள், மாட்டையும் பன்றியையும் வெளியேற்றினார்கள், லட்சக்கணக்கில் கோவா கன்று நட்டார்கள். இன்று அங்கே இளங்காடு நிற்கிறது. இதற்குச் சுற்றுலா விளம்பரம் எடுக்க முடியாது. ஆள் மாற்றி ஆள் வேலியைச் சுற்றிவந்து பார்ப்பதில் என்ன வேடிக்கை இருக்கிறது?

அதற்காக மாடே ஆகாது என்று சொல்லிவிடவும் முடியாது. அங்கே மேய்ச்சலுக்காகக் கொண்டுபோன புற்களில் ஒன்று நம்ம காங்கயத்துக் கொழுக்கட்டைப் புல். கினிப்புல்லும் போனது. பக்கத்துத் தீவான மாவியில் 2023 ஆகஸ்டில் லஹைனா என்ற ஊர் எரிந்து 100 பேருக்கு மேல் செத்தார்கள். ஊரைச் சுற்றிக் கைவிடப்பட்ட தோட்ட நிலங்களில் கேட்பாரில்லாமல் வளர்ந்து காய்ந்து நின்றவை இந்த மாதிரி வெளிநாட்டுப் புற்கள். தீ பரவ அதுவும் ஒரு காரணம் என்றார்கள். மேய்ச்சலை ஒழுங்காக நடத்தினால் தீனியாகும் புல், ஆள் விட்டுப்போன நிலத்தில் எரிபொருளாகிவிட்டது. மாடு இருந்தால் புல் குறையும், தீயும் குறையும் என்று அங்குள்ள பண்ணைக்காரர்களே பேசுகிறார்கள்.

அந்தப் புல்லை நம்ம கொரங்காட்டில் பாருங்க. திருப்பூர், கரூர், ஈரோட்டுப் பக்கத்துச் செம்மண் சரளையில், மழை குறைந்த நிலத்தில், கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலும் சேர்ந்து மாட்டைக் காப்பாற்றுகின்றன. அங்கேயும் மாட்டுக்குப் பின்னால் குச்சியோடு ஆள் நிற்பதில்லை. அவிழ்த்து விட்டால் அதுபாட்டுக்கு மேயும். ஆனால் சுற்றிலும் கிளுவை வேலி இருக்கும். புல் தேய்ந்தால் அடுத்த காட்டுக்கு மாற்றுவார்கள். எத்தனை உருப்படி நிற்கலாம் என்பது காட்டுக்காரருக்குக் கணக்கு. இதை எந்தப் பல்கலைக்கழகமும் வந்து சொல்லிக்கொடுக்கவில்லை.

அந்தக் கொரங்காடுதான் இப்போது மனையாகப் போய்க்கொண்டிருக்கிறது. காளைக்கன்றுக்கு வேலை இல்லை என்று சந்தைக்குப் போகிறது, சந்தையிலும் போகாதது ரோட்டுக்கு வருகிறது. இரவில் தார்ச்சாலையில் படுத்துக் கிடக்கும் மாட்டைப் பார்த்து "சுதந்திரமா இருக்குது" என்று சொல்பவரிடம் எனக்குப் பேச ஒன்றுமில்லை. ஹவாய் அரசரும் மாட்டின் மேல் மரியாதை வைத்துத்தான் அவிழ்த்துவிட்டார்.

கண்டன அறிக்கை கேட்ட தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் ஊரில் பிரிந்து கிடக்கும் கொரங்காட்டு வேலிகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். எங்கள் காட்டில் கிளுவை நன்றாகத் தழைத்திருக்கிறது. போத்து வேண்டுபவர்கள் வண்டியோடு வந்து வெட்டிக்கொண்டு போகலாம்.