நூறு பேரில் நானும் ஒருத்தி

கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் பால் வைத்திருந்தால் இறக்கி வைத்துவிட்டு வாருங்கள்.

பொங்கல் லீவுக்கு என் தம்பி மகன் ஸ்ரீரங்கம் வந்திருந்தான். வெளியூரில் குற்றவியல் மூன்றாம் வருடம் படிக்கிறான். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் காலை திண்ணையில் ஒரு கட்டுத் தாளைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தான். பக்கத்தில் நான்கு பேனா. நீலம் இரண்டு, கறுப்பு ஒன்று, ஜெல் பேனா ஒன்று. ஒரு தாளை எடுப்பான், பதினைந்து கேள்விக்கும் மளமளவென்று டிக் அடிப்பான், பேனாவை மாற்றுவான், அடுத்த தாளை எடுப்பான். நான் கீரை ஆய்ந்துகொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னடா பண்றே?"

"ப்ராஜெக்ட் அத்தை. ஆன்லைன் பண மோசடியைப் பத்தி நூறு பேர்கிட்ட சர்வே எடுக்கணும்."

"நூறு பேர் எங்கே?"

"இதோ" என்று கட்டைத் தட்டிக் காட்டினான்.

அவன் கெட்ட பிள்ளை இல்லை. ஒளிக்காமல் சொன்னான். டேபிள் எல்லாம் போன வருட சீனியரிடம் வாங்கியாகிவிட்டது. அதில் பணம் இழந்தவர்கள் 38 சதவீதம் என்று இருக்கிறது. அந்தக் கணக்குக்குத் தகுந்த மாதிரி 38 தாளில் 'ஆம்', 62 தாளில் 'இல்லை' போட வேண்டும், அவ்வளவுதான் வேலை. நாம் எல்லாம் கணக்கைப் போட்டு விடை கண்டுபிடித்தவர்கள். இவர்கள் விடையை வைத்துக்கொண்டு கணக்கை எழுதுகிறார்கள்.

ஒரு தாளை எடுத்துப் பார்த்தேன். வயது: 60-க்கு மேல். பெண். ஓய்வு பெற்றவர். 'இணையவழி மோசடியில் பணம் இழந்தது உண்டா' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று நீல டிக்.

"இது யாருடா?"

"நீங்கன்னு வச்சுக்குங்களேன் அத்தை" என்று சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு இரண்டு மூன்று வாரமாக, நம் வீட்டுப் பிள்ளைகள், என்னிடம் படித்த பிள்ளைகள் யார் வந்தாலும் 'உன் ப்ராஜெக்டைக் காட்டு' என்று கேட்டு வாங்கிப் பார்த்தேன். வேறு வேலை இல்லையா என்று கேட்காதீர்கள், இல்லைதான்.

என் அக்கா பேரன் போன வருடம் சுற்றுலாத் துறைப் படிப்பு முடித்தான். பிறந்து வளர்ந்தது எல்லாம் சித்திரை வீதி. ப்ராஜெக்டும் ஸ்ரீரங்கத்தைப் பற்றித்தான். ஸ்பைரல் பைண்டிங், கண்ணாடி அட்டை, பார்க்க லட்சணமாக இருந்தது. அட்டைப் படத்தைப் பார்த்தேன். ரங்கநாதர் கோயில்தான், காவிரித் தீவுதான். ஆனால் நம்ம ஊர் இல்லை, கர்நாடகத்து ஸ்ரீரங்கப்பட்டணம்! கூகுளில் பெயரைப் போட்டு முதலில் வந்த படத்தை ஒட்டியிருக்கிறான். வழிகாட்டி கையெழுத்துப் போட்டிருக்கிறார், தேர்வாளர் கையெழுத்துப் போட்டிருக்கிறார், துறைத் தலைவர் முத்திரை வைத்திருக்கிறார். தினம் ராஜகோபுரத்துக்குக் கீழே நுழைந்து வீட்டுக்குப் போகிற பிள்ளை, அவனுக்கும் தெரியவில்லை. உள்ளே 156 ஏக்கர், ஏழு பிரகாரம், 21 கோபுரம், ராஜகோபுரம் 236 அடி என்று எல்லாம் சரியாக இருந்தது. அது யார் எழுதினாலும் சரியாகத்தான் இருக்கும்.

அவனிடம் கேட்டேன். "வைகுண்ட ஏகாதசிக்குச் சொர்க்கவாசல் திறக்கிற அன்னைக்கு உங்கப்பா மாடி ரூமை என்ன வாடகைக்கு விடுவார்? சாதாரண நாளில் என்ன?" டக்கென்று சொன்னான். எந்த மாநிலத்து ஆட்கள் எத்தனை நாள் தங்குகிறார்கள், வட நாட்டுக்காரர்கள் எதற்குச் சண்டை போடுவார்கள், அம்மா மண்டபத்தில் துணி மாற்ற இடமில்லாமல் பெண்கள் எப்படித் திண்டாடுகிறார்கள், எல்லாம் கால் மணி நேரம் பேசினான். "இதையெல்லாம் ஏன்டா எழுதல?" என்றேன்.

"இதுக்கு ரெஃபரன்ஸ் இல்லையே சின்னப் பாட்டி."

இந்தப் பதிவை எழுத வைத்ததே இந்தப் பதில்தான். தன் கண்ணால் பார்த்தது அறிவு ஆகாது, வேறு யாரோ எங்கோ எழுதியதுதான் அறிவு என்று அந்தப் பிள்ளை நம்புகிறான். அதை அவனுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்?

அடுத்தது ஒரு பெண். 2018-19-ல் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவள், நான் ஓய்வு பெற்ற வருடம். இப்போது பி.பி.ஏ. கடைசி வருடம். இவளுடைய அம்மா மத்தியப் பேருந்து நிலையம் பக்கத்தில் டிபன் கடை போட்டிருக்கிறார். 2025 ஜூலையில் பஞ்சப்பூர் புதிய பேருந்து முனையம் செயல்பாட்டுக்கு வந்து வெளியூர் பஸ்கள் அங்கே போனதும் இவர்கள் வியாபாரம் படுத்துவிட்டது. தினம் ஐந்து படி அரிசி ஊறப்போட்ட இடத்தில் இப்போது மூன்று படி. அந்த அம்மா படிப்பு குறைவுதான், ஆனால் வரவு செலவை ஒரு நாள் விடாமல் நோட்டில் எழுதுகிறவர். ஜூலைக்கு முன்னால், ஜூலைக்குப் பின்னால் என்று கணக்கு கையிலேயே இருக்கிறது. பொண்ணு புத்திசாலி. 'இதையே ப்ராஜெக்டாகச் செய்கிறேன், வரிசையில் உள்ள மற்ற கடைகளிலும் கேட்கிறேன்' என்று வழிகாட்டியிடம் போயிருக்கிறாள். டீக்கடை, டிபன் கடை எல்லாம் தலைப்பு ஆகாது, ஏதாவது கம்பெனியை எடுத்து 'வாடிக்கையாளர் திருப்தி' என்று போடு, கம்பெனி லெட்டர் வாங்கிவா என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அவள் என்ன செய்வாள்? சத்திரம் பக்கம் டைப்பிங், ஜெராக்ஸ், பைண்டிங் போடுகிற ஒரு கடையில் 3,500 ரூபாய் கொடுத்து வாங்கிவிட்டாள். 'திருச்சிராப்பள்ளியைச் சிறப்பு மேற்கோளாகக் கொண்டு' என்று தலைப்பு. 34-ஆம் பக்கத்தில் 'கோயம்புத்தூர் மாவட்ட வாடிக்கையாளர்கள்' என்று இருக்கிறது. ஊர்ப் பெயரை மாற்றும்போது ஒன்றை விட்டுவிட்டார்கள். அந்த 3,500 ரூபாய் எத்தனை இட்லி என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், மனசு கேட்கவில்லை.

நிஜமான வணிகப் பாடம் ஒன்று வீட்டு வாசலில் நடந்துகொண்டிருக்கிறது. ஒரு பஸ் நிலையம் இடம் மாறினால் ஒரு தெரு என்ன ஆகும் என்று நூறு வருடம் கழித்து எவனாவது ஆராய்ச்சி செய்வான், அப்போது அந்த நோட்டு இருக்காது.

விஸ்காம் படிக்கிற பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, நல்லதுதான். கேமராவைத் தூக்கிக்கொண்டு கொள்ளிடக் கரையில் வெயிலில் அலைந்து குறும்படம் எடுத்தாள், அதைக் கடையில் வாங்க முடியாது. ஆனால் எழுத்து அசைன்மென்ட் என்று வந்ததும் அவளும் 'சமூக ஊடகங்களும் இளைஞர்களும்' என்று சாட்ஜிபிடி கொடுத்ததை அப்படியே ஒப்பித்திருந்தாள். 1939-ல் தொடங்கிய திருச்சி வானொலி நிலையம் இதே ஊரில் இருக்கிறது. அதன் நிகழ்ச்சி நேரத்தை வைத்து அடுப்பு மூட்டிய கிழவிகள் எங்கள் தெருவிலேயே நாலு பேர் இருக்கிறோம். எங்களிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 2018-ல் பல்கலைக்கழக மானியக் குழு எழுத்துத் திருட்டைத் தடுக்க விதிமுறை கொண்டுவந்தது. ஆய்வேட்டில் 10 சதவீதம் வரை ஒற்றுமை இருந்தால் தண்டனை இல்லை. 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 60 வரை என்றால் ஒரு வருடம் தள்ளிவைப்பு. அதற்கு மேல் போனால் பதிவே ரத்து. ஆனால் அசைன்மென்ட், ப்ராஜெக்ட் ரிப்போர்ட், விடைத்தாள் இதெல்லாம் இதில் சேராது என்று அதே விதிமுறையில் ஒரு வரி இருக்கிறது. முனைவர் பட்டத்துக்கு வேலி, பி.ஏ. பிள்ளைக்கு வேலியே கிடையாது. சரி, சேர்த்துவிட்டால் மட்டும் என்ன ஆகும்? என் தம்பி மகன் திண்ணையில் அடித்த நூறு தாளையும் எந்த மென்பொருளில் போட்டாலும் ஒற்றுமை பூஜ்யம் என்றுதான் வரும். அது எதையும் பார்த்து எழுதியது இல்லையே, முழுக்க அவன் கற்பனை.

கல்லூரி ஆசிரியர்களாக இருக்கும் என் பழைய மாணவர்கள் சிலர் இதைப் படித்துவிட்டு 'டீச்சர், அறுபது அறுபதாக நாலு வகுப்பு, எப்படிப் படிப்பது?' என்று கேட்பார்கள். நியாயம்தான். கௌரவ விரிவுரையாளராக மாசாமாசம் சம்பளம் வருமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறவரிடம் நூறு பக்க ப்ராஜெக்ட் அறுபதைப் படி என்று சொல்ல எனக்கு வாய் வராது. அதனால்தான் சொல்கிறேன், நூறு பக்கம் எதற்கு? நாலு பக்கம் போதும். 'உன் தெருவில் பத்துப் பேரிடம் பேசு, அவர்கள் சொன்னதை எழுது, உனக்கு எது புரியவில்லை என்றும் எழுது.' படிக்கப் பத்து நிமிடம் ஆகும். பொய் சொன்னால் இரண்டு கேள்வியில் பிடிபடும். தலைப்பு சின்னதாக இருந்தால் கடைக்காரனால் விற்க முடியாது. 'தமிழ்நாட்டில் சுற்றுலா: வாய்ப்புகளும் சவால்களும்' என்று கேட்டால் அதைக் கடலூரிலும் விற்கலாம், கரூரிலும் விற்கலாம்.

இப்போது என் பங்கையும் சொல்ல வேண்டும். ஊரைக் குறை சொல்லிவிட்டு நான் நழுவக் கூடாது.

ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்கு ஒரு ரெக்கார்டு நோட்டு உண்டு. ஒரு குழந்தையைச் சில வாரம் கவனித்து எழுத வேண்டும். எங்கள் ஹாஸ்டலில் ஒரு சீனியர் அக்காவின் நோட்டு சுற்றி வந்தது. கடைசியில் எங்கள் வகுப்பில் பதினெட்டுப் பேர் நோட்டிலும் ஒரே குழந்தை. எல்லாக் குழந்தையும் நகம் கடித்தது, எல்லாக் குழந்தைக்கும் அப்பா குடித்தார், எல்லாக் குழந்தையும் மூன்றாவது வாரத்தில் திருந்தியது. பதினெட்டில் ஒன்று என்னுடையது. அதற்கு 'நன்று' வாங்கினேன்.

பிறகு நானே டீச்சர் ஆனேன். 2012-ல் முப்பருவ முறை வந்தபோது வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண். பிள்ளைகள் தானாகச் செய்து பார்க்க வேண்டும் என்ற நல்ல யோசனைதான். நாங்கள் என்ன செய்தோம்? பிள்ளைகள் கடையில் படத் தாள் வாங்கி வெட்டி சார்ட்டில் ஒட்டிக் கொண்டுவந்தார்கள். வகுப்புச் சுவர் முழுக்க ஒரே காய்கறிப் படம், ஒரே தலைவர் படம். ஆய்வுக்கு அதிகாரி வருவார், சுவர் நிறைந்திருக்க வேண்டும். நான் பத்துக்குப் பத்து போட்டேன். ஒரு பையன் மட்டும் சார்ட் வாங்கக் காசில்லாமல் வீட்டுத் தோட்டத்துப் பூசணிப் பூவையே பறித்துக்கொண்டு வந்து, ஆண் பூ இது, பெண் பூ இது என்று காட்டினான். 'சார்ட் எங்கேடா?' என்றுதான் கேட்டேன். அவனுக்கு ஆறு மார்க். அவன் இந்தப் பக்கத்தில் இருக்கிறானா தெரியாது. இருந்தால், தம்பி, மன்னித்துக்கொள்.

ஆக, 'ரெஃபரன்ஸ் இல்லையே' என்று என் அக்கா பேரனுக்குக் கற்றுக்கொடுத்தது கல்லூரி மட்டும் இல்லை.

என் தம்பிக்கு இது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. "எல்லாரும் செய்யறதுதானே அக்கா, வேலைக்குப் போனா யாரு ப்ராஜெக்டைப் பார்க்கப் போறாங்க?" என்றான். இருக்கலாம். ஆனால் அந்தப் பையன் நாளைக்குப் போலீஸ் வேலைக்கோ வங்கி வேலைக்கோ போவான். யாரும் சொல்லாத 38 சதவீதத்தை எழுதிப் பழகிய கை அது.

இப்போது அந்த நீல டிக்குக்கு வருகிறேன்.

2022-ல் ஒரு சாயங்காலம் எனக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. போன மாத மின் கட்டணம் பதிவாகவில்லை, இன்றிரவு இணைப்பைத் துண்டிப்போம், இந்த எண்ணுக்குப் பேசவும் என்று. பேசினேன். மரியாதையாக 'மேடம், மேடம்' என்றான். ஒரு செயலியை இறக்கச் சொன்னான், பத்து ரூபாய் கட்டச் சொன்னான். கட்டினேன். கால் மணி நேரத்தில் என் பென்ஷன் கணக்கிலிருந்து 18,400 ரூபாய் போய்விட்டது.

இதை யாரிடமும் சொல்லவில்லை. என் பிள்ளைகளிடம்கூட. ஊருக்கெல்லாம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள் ஏமாந்தாள் என்றால் என்ன சொல்வார்கள் என்று ஒரு வெட்கம். 1930-க்குப் போன் செய்திருக்கலாம். செய்யவில்லை. காவல் நிலையம் போகவில்லை. அதனால் எந்தக் கணக்கிலும் நான் இல்லை. புகாராக வராத இந்த மாதிரிக் குற்றங்களுக்கு 'இருண்ட எண்ணிக்கை' என்று அவன் பாடத்திலேயே ஒரு பெயர் இருக்கிறதாம். பரீட்சைக்கு அதைப் பத்து மார்க்குக்கு எழுதியிருக்கிறான். அந்த எண்ணிக்கையில் ஒன்று அவனுக்கு மூன்றடி தள்ளி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தது.

அன்று மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் அவனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ஏன் அத்தை யார்கிட்டயும் சொல்லல?" என்று கேட்டான். அவனுடைய பதினைந்து கேள்வியில் அது இல்லை. நான் சொல்லச் சொல்ல அந்தத் தாளின் பின்பக்கத்திலேயே எழுதினான். எதிர்வீட்டு மாமியிடம் கேட்கலாமா என்றான். போய் வந்தான். மாமிக்கும் ஒரு கதை இருந்தது, நாற்பது வருடமாக எதிர்வீட்டில் இருக்கிறேன், எனக்குத் தெரியாது. இரவுக்குள் தெருவில் ஆறு பேரிடம் பேசிவிட்டான்.

ப்ராஜெக்டில் எதையும் மாற்ற முடியாதாம், மாதிரி வடிவம் ஏற்கெனவே ஒப்புதல் வாங்கியாகிவிட்டதாம். நூறு தாளோடுதான் கொடுத்தான். அந்த ஆறு பேர் எழுதிய தாள்கள் மட்டும் தனியாக அவன் பையில் இருக்கின்றன.

கல்லூரியில் வேலை பார்க்கும் என் பிள்ளைகள் யாராவது அந்த ஆறு தாளை வாங்கிப் படித்து மார்க் போடத் தயாராக இருந்தால் எனக்கு எழுதுங்கள். சொந்தக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: 18,400 ரூபாய் விஷயம் இப்போதுதான் உங்களுக்குத் தெரியும், தயவுசெய்து போன் செய்து துக்கம் விசாரிக்க வேண்டாம். உங்களில் யாருக்காவது இப்படிப் போயிருந்தால் மட்டும் பேசுங்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.