மலையில் மாலை மாற்ற இடம் தேடுகிறவர்களுக்கு



ஓடிப்போகிறவர்கள் இடம் பார்த்துக்கொண்டா ஓடுவார்கள் என்று நீங்கள் சிரிக்கலாம். எங்கள் கியா பார்ம் பக்கம் வந்து பாருங்கள். காலையில் ஒரு வேன் வந்து நிற்கும். பட்டுச்சேலையில் ஒரு பெண், வேட்டி சட்டையில் ஒரு பையன், படம் பிடிக்க ஒருவர், கூட இரண்டு கூட்டாளிகள். தேயிலை ஓரமாக நின்று மாலை மாற்றிக்கொண்டு, ஆளுக்கொரு பொட்டலம் ஸ்ட்ராபெரி வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். பந்தல் இல்லை, பந்தி இல்லை, கடனும் இல்லை. பிள்ளை கல்யாணத்துக்கு வாங்கிய கடனைப் பேரப்பிள்ளை பள்ளிக்கூடம் போகும் வரை அடைக்கும் குடும்பங்கள் நம்மிடையே இருக்கும்போது, இந்தச் சிக்கனத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

காதலருக்கு இடம் பார்த்துக் கொடுப்பது தமிழருக்குப் புதிதும் அல்ல. தலைவி தலைவனோடு புறப்பட்டுப் போவதற்கு உடன்போக்கு என்றே நம் முன்னோர் பெயர் வைத்தார்கள். அதற்கு முன்னால் இருவரும் சந்திக்கும் இடத்துக்குக் குறி என்று பெயர். தொல்காப்பியம் அதற்கும் விதி சொல்கிறது. இரவுக்குறி வீட்டு எல்லைக்குள், வீட்டார் பேசுவது காதில் விழும் தூரத்தில் இருக்க வேண்டுமாம். பகற்குறி வெளியே இருக்கலாம். ஆனால் அது அவளுக்குத் தெரிந்து வரக்கூடிய இடமாக இருக்க வேண்டுமாம். அவனுக்கு அல்ல, அவளுக்கு! இதைத்தான் இன்றைய பையன்கள் மறந்துவிடுகிறார்கள். கீழ்நாட்டிலிருந்து ஒரு பெண்ணை முதல் தடவையாக மலைக்கு அழைத்து வருகிறார்கள். அவளுக்குப் பஸ் எங்கே நிற்கும் என்று தெரியாது, கையில் திரும்பிப் போகக் காசும் இருக்காது. அவள் தனியாகத் திரும்பிப் போக வழி தெரிந்த இடமாகப் பாருங்கள், தம்பிகளே. மனம் மாறினாலும் மாறாவிட்டாலும் அது அவள் உரிமை.

இடத்துக்கு வருவோம். கியா பார்ம் சந்தை சனி, ஞாயிறிலும் பள்ளி விடுமுறையிலும் வண்டி நெரிசலில் திணறும். முகூர்த்தம் காருக்குள்ளேயே கழிந்துவிடும். வார நாளில் காலைப் பொழுதே நல்லது. மத்தியானத்துக்குமேல் மூடுபனியோ மழையோ இறங்கினால் மணமகளின் முகம்கூடப் படத்தில் தெரியாது. குனோங் பிரிஞ்சாங் உச்சியில் ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் பாசிக்காடு அழகுதான். ஆனால் அந்தப் பாசி, மிதித்தால் எளிதில் மீளாது. பலகை நடைபாதையை விட்டு இறங்க வேண்டாம். அக்டோபர், நவம்பர் மழையில் வெட்டிய சரிவுகளுக்குக் கீழே நிற்கவே வேண்டாம். 2024 ஜனவரியில் புளூவேலியில் மண் சரிந்து ஐந்து வெளிநாட்டுத் தொழிலாளர்கள் மாண்டார்கள். காய்கறித் தோட்டங்களில் மருந்து அடித்திருப்பார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

தேயிலை மலையைப் பற்றி மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். அது பூங்கா அல்ல. அந்த வரிசைகளுக்கு நடுவே இருக்கும் சந்து, கூடை சுமந்து ஆட்கள் நடக்கிற வழி. படம் எடுக்கிறவர் நல்ல கோணம் தேடிச் செடிமேல் சாய்ந்தால் முறிவது நாளைய கொழுந்து. கவாத்து வெட்டிய செடியில் பட்டுச்சேலை மாட்டினால் சேலையும் போச்சு. அட்டைக்குப் பட்டும் தெரியாது, பருத்தியும் தெரியாது. தோட்ட நிர்வாகத்திடம் முன்னாலேயே அனுமதி கேளுங்கள். எந்த மலையில் அன்று கொழுந்து எடுக்கவில்லை என்று மண்டோரிடம் விசாரித்துவிட்டுப் போவது மரியாதை.

இவ்வளவும் சரியாக அமைந்துவிட்டது என்று வையுங்கள். அங்கே கட்டிய தாலி சட்டத்தின் கண்ணில் கல்யாணம் ஆகிவிடுமா? ஆகாது.

தமிழ்நாட்டுப் படங்களைப் பார்த்துப் பலர் ஏமாறுகிறார்கள். அங்கே 1967-இல் அண்ணா ஆட்சியில் வந்த சட்டத்திருத்தத்தால் சுயமரியாதைத் திருமணம் செல்லும். நண்பர்கள் முன்னிலையில் மாலை மாற்றினாலே போதும். அதை ஊரறிய நடத்த வேண்டிய கட்டாயமில்லை என்று 2023 ஆகஸ்டில் இந்திய உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. நம் நாட்டுச் சட்டம் வேறு. முஸ்லிம் அல்லாதார் திருமணத்துக்கு 1976-ஆம் ஆண்டுச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. முதலில் பதிவிலாகாவில் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். அந்த அறிவிப்பு 21 நாள் அங்கே பலகையில் தொங்கும். ரகசியமாக ஓட நினைத்தவர்களுக்கு இது ஒரு சங்கடம்தான்! பிறகு பதிவாளர் முன்னிலையில், நம்பகமான இரண்டு சாட்சிகளோடு, அலுவலகத்திலோ, உதவிப் பதிவாளராக நியமிக்கப்பட்டவர் இருக்கும் கோயிலிலோ நடக்க வேண்டும். மலைமேல்தான் நடத்துவோம் என்றால் அதற்குத் தனி லைசன்ஸ் வாங்க வேண்டும். 21 வயது நிரம்பாதவருக்குத் தந்தையின் எழுத்துமூல சம்மதம் தேவை. காரணமில்லாமல் மறுக்கிறார் என்றால் நீதிமன்றம் போக வழி உண்டு. காட்டுக்குப் போக வழி இல்லை.

ஒரு காகிதத்துக்கு இவ்வளவு பாடா என்று கேட்கிறீர்களா? முதலாம் ஆண்டுக்குப் பிள்ளை சேர்க்கும் நாளில் என் மேசைக்கு முன் வந்து உட்காருங்கள். பிறப்புப் பத்திரத்தில் தந்தையின் விவரம் இல்லாத பிள்ளையைத் தந்தையே கைப்பிடித்து அழைத்து வருவார். பதிவில்லாத கல்யாணத்தில் பிறந்த பிள்ளைக்குக் குடியுரிமை தாயின் நிலையைப் பார்த்துத்தான் வரும். தாய் வெளிநாட்டுப் பெண்ணாகவோ ஆவணம் இல்லாதவளாகவோ இருந்தால், தந்தை நீல அடையாள அட்டை வைத்திருந்தும் பிள்ளை நாடற்றதாய் நிற்கும். புருஷன் வேலையில் இறந்தால் சொக்சோ பணத்துக்கு மனைவியிடம் கேட்பதும் அந்தச் சான்றிதழைத்தான்.

மலைக் கல்யாணத்துக்கு நம்மிடம் பழைய முன்மாதிரி ஒன்று உண்டு. தினைப்புனத்தில் வள்ளியை அழைத்துக்கொண்டு போன முருகனையே, சொல்லாமல் போவது முறையா என்று நாரதர் கேட்டதாகக் கந்தபுராணம் சொல்கிறது. அவன் வேடர் சிற்றூருக்குத் திரும்பி வந்து, நம்பி கையால் பெண்ணைப் பெற்றுக்கொண்டுதான் தணிகைக்குப் போனான். அவனுக்கே அப்படி!

ஆகவே என் யோசனை இதுதான். காலையில் பதிவிலாகாவில் கையெழுத்து. பிறகு பிரிஞ்சாங் தண்டாயுதபாணி கோயிலில் ஓர் அர்ச்சனை. அதன்பின் கியா பார்ம் அருகே பிரியும் சுங்கை பாலாஸ் சாலையில் மெதுவாக ஏறுங்கள். எதிரே வண்டி வந்தால் ஒதுங்க இடம் பார்த்துக்கொள்ள வேண்டிய குறுகல் சாலை அது. பெண்ணின் தாயார் வரச் சம்மதித்தால் வேனில் முன் இருக்கையை அவருக்குக் கொடுங்கள், வளைவுகளில் தலை சுற்றாது. சான்றிதழை மட்டும் மலைக்கு எடுத்துப்போக வேண்டாம். பனியில் காகிதம் நனைந்துவிடும். கீழேயே நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவிட்டு, இரண்டு குடைகளை எடுத்துக்கொள்ளுங்கள்.