"ப்ரீ வீசா" என்ற பெயரில் நாம் வாங்குவது என்ன?

வியாபாரத்தில் எவரும் சரக்கைப் பார்க்காமல் காசு கொடுப்பதில்லை. ஒரு மூடை வெங்காயம் வாங்கினாலும் அடியில் கைவிட்டுப் பார்த்துத்தான் வாங்குகிறோம். கடைக்கு இடம் எடுப்பதென்றால் அது யாருடைய பெயரில் இருக்கிறது, எத்தனை வருடத்துக்கு, வாடகை எவ்வளவு என்று எழுதி வாங்குகிறோம். ஆனால் உம்மாவின் நகையை அடகு வைத்தும், வயற்காணியை ஈடு வைத்தும் பல இலட்சம் ரூபா கொடுத்து வாங்குகின்ற சவூதி வீசாவை மாத்திரம் நாம் வாசித்தும் பார்ப்பதில்லை. "ப்ரீ வீசா, போய் விரும்பிய வேலையைச் செய்யலாம்" என்று உப முகவர் சொன்னால் அந்தச் சொல்லே எமக்கு உறுதிப்பத்திரம் ஆகிவிடுகிறது.

இந்தப் பழக்கம் எமது ஊர்களில் இன்னும் ஓயவில்லை. எனவே இதனை ஒரு வியாபாரக் கணக்காக எடுத்துப் பார்ப்பது நல்லது என்று நினைக்கிறேன்.

வீசா வேறு, இகாமா வேறு

முதலில் ஒரு விடயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். எமக்குக் கிடைக்கும் வீசா நாட்டுக்குள் நுழைவதற்கான அனுமதி மட்டுமே. அங்கே வசிப்பதற்கும் வேலை செய்வதற்கும் உரிய பத்திரம் இகாமா எனப்படும் வதிவிட அனுமதி அட்டையாகும். இதற்குச் சாதாரண தொழிலாளி தானாகப் போய் விண்ணப்பிக்க முடியாது. அவரை வரவழைத்த தொழில் வழங்குநரே, அதாவது எமது பேச்சில் கபீலே, விண்ணப்பிக்க வேண்டும்.

இங்கே அங்கீகரிக்கப்பட்ட நிலையத்தில் மருத்துவச் சோதனை, கைவிரல் அடையாளம், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு ஆகியன முடிந்து விமானம் ஏறுகிறோம். அங்கே போனதும் மறுபடியும் மருத்துவச் சோதனை. பின்னர் கபீல் மருத்துவக் காப்புறுதி எடுத்து, தொழில் அனுமதிக் கட்டணத்தைக் கட்டி, இகாமாவை எடுக்க வேண்டும். நாட்டுக்குள் நுழைந்து 90 நாட்களுக்குள் இது முடிய வேண்டும். முடியாவிட்டால் தண்டப்பணம். காலாவதியான இகாமாவைப் புதுப்பிக்கத் தாமதித்தால் முதற்தடவை 500 ரியால், இரண்டாம் தடவை 1,000 ரியால், மூன்றாம் தடவை நாடுகடத்தல் என்று விதி இருக்கிறது. கட்டத் தவறியவர் கபீலாக இருந்தாலும் கஷ்டப்படுபவர் இகாமாக்காரரே.

இந்தச் செலவுகளை யார் ஏற்க வேண்டும்? 2005இல் வெளியான சவூதி தொழிற் சட்டத்தின் 40ஆவது பிரிவு இதனை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது. ஆளை வரவழைக்கும் செலவு, இகாமா கட்டணம், தொழில் அனுமதிக் கட்டணம், இவற்றின் புதுப்பிப்பு, தாமதத் தண்டம், தொழில் மாற்றக் கட்டணம், விடுமுறையில் போய்வரும் வீசா, ஒப்பந்தம் முடிந்து நாடு திரும்பும் டிக்கட் ஆகிய அனைத்தும் தொழில் வழங்குநரின் பொறுப்பு. ஆகவே, ஒழுங்கான தொழிலுக்கு ஒழுங்கான வழியில் போகிறவர் தனது இகாமாவுக்காக ஒரு ஹலலாவேனும் கொடுக்க வேண்டியதில்லை.

அப்படியானால் ப்ரீ வீசா என்பது என்ன? சவூதிச் சட்டத்தில் அப்படியொரு வீசா கிடையாது. ஒரு சவூதிக்காரர் தனது பெயரிலோ தனது நிறுவனத்தின் பெயரிலோ வீசா எடுக்கிறார். அவரிடம் வேலை இல்லை. வீசாவை இடைத்தரகருக்கு விற்கிறார். தரகர் எமது ஊர் உப முகவருக்கு விற்கிறார். உப முகவர் எமது பிள்ளைக்கு விற்கிறார். போனபின் பிள்ளை வேறு இடத்தில் வேலை தேடிக்கொள்ள வேண்டும். அதே தொழிற் சட்டத்தின் 39ஆவது பிரிவு, ஒருவர் தனது தொழிலாளியைப் பிறரிடம் வேலை செய்ய விடுவதையும், தொழிலாளி சொந்தமாகத் தொழில் செய்வதையும் உரிய நடைமுறையின்றி அனுமதிப்பதில்லை. 38ஆவது பிரிவோ அனுமதிப்பத்திரத்தில் உள்ள தொழிலைத் தவிர வேறு தொழிலில் அமர்த்தக் கூடாது என்கிறது. ப்ரீ என்ற சொல்லுக்கு இலவசம் என்றும் சுதந்திரம் என்றும் பொருளுண்டு. இந்த வீசாவில் இரண்டும் இல்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

சட்டத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு இலாப நட்டத்தை மட்டும் பார்ப்போம். வெளிநாட்டுத் தொழிலாளிக்கான மாதாந்தக் கட்டணம் 2018இல் 400 ரியாலாக இருந்தது. 2019இல் 600, 2020இல் 800 என்று உயர்ந்தது. வெளிநாட்டவரைவிட சவூதியர் அதிகமாக உள்ள நிறுவனங்களுக்கு 100 ரியால் குறைவு. தொழிற்சாலைகளுக்கும் மிகச் சிறிய நிறுவனங்களுக்கும் சலுகைகள் வழங்கப்பட்டன. சலுகையற்ற ஒரு நிறுவனத்தில் 800 ரியால்படி வருடத்துக்கு 9,600. இகாமாவுக்கு 650. மொத்தம் 10,250 ரியால். மாதத்துக்குப் பிரித்தால் சுமார் 854 ரியால். ப்ரீ வீசாக்காரர் இதனைத் தனது சட்டைப்பையிலிருந்து கொடுக்கிறார். கபீலுக்கு அது செலவே அல்ல.

ஒருவர் வெளியில் வேலை தேடி மாதம் 2,500 ரியால் உழைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கட்டணத்துக்கு 854 போனால் மிச்சம் 1,646. கபீலுக்கு மாதம் 300 கொடுப்பதாக வைத்தால் 1,346. அறைக்கும் சாப்பாட்டுக்கும் 700 போனால் 646 ரியால். இதில்தான் ஊரில் வாங்கிய கடனையும் அடைக்க வேண்டும். இன்னொருவர் நேரடி ஒப்பந்தத்தில் 1,500 ரியால் சம்பளத்துக்குப் போகிறார். தங்குமிடமும் இகாமாவும் கம்பனியுடையவை. சாப்பாட்டுக்கு 400 செலவழித்தாலும் 1,100 ரியால் மிஞ்சுகிறது.

ஊரில் 2,500 பெரிதாகவும் 1,500 சிறிதாகவும் தெரிகிறது. கையில் மிஞ்சுவது எது என்று பார்த்தால் கதை தலைகீழாகிறது. மொத்த விற்பனையை இலாபம் என்று நினைக்கின்ற கடைக்காரர் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார்?

இந்தக் கணக்கு தெரிந்த தரகர்கள் வேறொரு வழி வைத்திருக்கிறார்கள். அதுதான் வீட்டுச் சாரதி வீசா. வீட்டு வேலைப் பிரிவில் ஒன்றிரண்டு பேரை வைத்திருக்கும் கபீலுக்கு அந்த 9,600 ரியால் கட்டணம் கிடையாது. இகாமாவும் வருடத்துக்கு 600 ரியால்தான். எனவே "மலிவான வீசா" என்று விற்கிறார்கள். வாகனம் ஓட்டவே தெரியாத பிள்ளை சாரதியாகப் போய் பூபியாவிலோ பகாலாவிலோ நிற்கிறான்.

இதில் மறைந்திருக்கும் நட்டம் பெரியது. 2021 மார்ச் 14 முதல் சவூதியில் தனியார் துறைத் தொழிலாளர்களுக்கு ஒரு பெரிய வசதி கிடைத்தது. ஒப்பந்தத்தில் ஒரு வருடம் பூர்த்தியானதும், உரிய முன்னறிவித்தலுடன், கபீலின் சம்மதமின்றியே வேறு நிறுவனத்துக்கு மாறலாம். விடுமுறையில் போய்வரவும் தாமே விண்ணப்பிக்கலாம். ஆனால் வீட்டுச் சாரதி, வீட்டுப் பணியாளர், தோட்டக்காரர், காவலாளி, இடையர் ஆகியோர் இந்த ஏற்பாட்டில் சேர்க்கப்படவில்லை. மலிவு வீசா வாங்கியவர், தனக்குக் கிடைத்திருக்க வேண்டிய சுதந்திரத்தைத் தானே காசு கொடுத்து விற்றவராகிறார்.

அந்தக் காலம் போய்விட்டது

"எங்கள் மாமா ப்ரீ வீசாவில் போய்த்தானே மாடி வீடு கட்டினார், நானா?" என்று கடன் கேட்டு வந்த ஓர் இளைஞர் என்னிடம் வாதாடினார். அவர் சொன்னது பொய்யல்ல. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் அப்படிப் போய் முன்னேறியவர்கள் எமது ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களது உழைப்பை எவரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் சந்தை மாறிவிட்டால் பழைய விலைப்பட்டியலை வைத்து வியாபாரம் செய்ய முடியாது.

2011இல் நிதாகாத் திட்டம் வந்தது. சவூதியரை வேலைக்கு அமர்த்தும் விகிதத்தின்படி நிறுவனங்களுக்கு நிறம் பிரித்தார்கள். 2013இல் பத்திரங்களைச் சரிசெய்ய அவகாசம் கொடுத்து, அது நவம்பர் 3ஆம் திகதி முடிந்ததும் தேடுதல் தொடங்கியது. கபீலிடம் வேலை செய்யாதவர்கள் பெருந்தொகையாக நாடு திரும்ப வேண்டியதாயிற்று. 2017 ஜூலையில் குடும்பத்தினருக்கான கட்டணம் தலைக்கு மாதம் 100 ரியாலில் ஆரம்பித்து 2020 ஜூலையில் 400 ஆனது. மனைவியும் இரு பிள்ளைகளும் என்றால் அந்த வீதத்தில் வருடத்துக்கு 14,400 ரியால். இப்போது ஒப்பந்தம் கிவா தளத்திலும், இகாமா விபரம் அப்ஷர் தளத்திலும், சம்பளம் வங்கி மூலமும் பதிவாகின்றன. யார் எங்கே என்ன வேலை செய்கிறார் என்பது கணினியில் தெரிகின்ற காலம் இது.

சிறு வியாபாரம் செய்ய நினைக்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. சவூதிக்காரரின் பெயரில் கடையைப் போட்டு மாதாமாதம் அவருக்கு ஒரு தொகை கொடுத்து நாமே நடத்துவது அங்கே தசத்துர் எனப்படுகிறது. இதற்கெதிராக 2020இல் வந்த சட்டத்தின்படி 5 வருடம் வரை சிறையும் 50 இலட்சம் ரியால் வரை தண்டமும் விதிக்கலாம். வெளிநாட்டவரை நாடுகடத்தி மீண்டும் வேலைக்கு வரவும் தடை செய்யலாம். நிலைமையைச் சரிசெய்யக் கொடுத்த அவகாசம் 2022 பெப்ரவரி 16இல் முடிந்துவிட்டது. கபீலின்றி வசிக்க வழியே இல்லை என்பதல்ல. 2019இல் விசேட வதிவிட அனுமதித் திட்டம் வந்தது. காலவரையற்ற அனுமதிக்கு 8 இலட்சம் ரியால், ஒரு வருடத்துக்கு ஒரு இலட்சம் ரியால் என்று கட்டணம் விதித்தார்கள். 2024 ஜனவரியில் திறமையாளர், முதலீட்டாளர், தொழில் முனைவோர், வீட்டுச் சொத்துடையோர் முதலானோருக்கு 4,000 ரியால் கட்டணத்தில் புதிய பிரிவுகளைத் திறந்தார்கள். கட்டணம் குறைந்தாலும் தகுதி நிபந்தனைகள் பெரியவை. அடகுக்கடைப் பணத்தில் போகிறவருக்கு அந்தக் கதவு திறக்காது.

பணம் கொடுப்பதற்கு முன்

எனவே வெளிநாடு போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போகின்ற காகிதத்தை வாசித்துவிட்டுப் போங்கள் என்கிறேன். குர்ஆன் மத்ரஸாவில் எழுத்துக் கூட்டி ஓதப் படித்த எமக்கு வீசாவில் அரபியில் இருப்பதை வாசிக்க முடியாதா? "ஸாயிக் காஸ்" என்று இருந்தால் அது வீட்டுச் சாரதி. "ஆமில் மன்ஸிலி" என்றால் வீட்டுப் பணியாளர். பொருள் விளங்காவிட்டால் ஊரிலுள்ள மௌலவியிடமோ சவூதியில் இருந்து வந்தவரிடமோ காட்டினால் ஐந்து நிமிட வேலை.

கபீல் யார், அவருக்கு உண்மையில் அந்தத் தொழில் இருக்கிறதா என்று கேளுங்கள். வீசாவிலுள்ள தொழிலும் ஒப்பந்தத்திலுள்ள தொழிலும் போய்ச் செய்யப்போகும் தொழிலும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். இகாமா கட்டணம் யார் பொறுப்பு என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். முகவரின் அனுமதிப்பத்திரம் செல்லுபடியானதா என்பதைப் பணியகத்திடம் 1989 என்ற தொலைபேசி இலக்கத்தில் விசாரிக்கலாம். கொடுக்கும் பணத்துக்குப் பற்றுச்சீட்டுத் தராதவரிடம் பணம் கொடுக்க வேண்டாம்.

போன பின்னரும் கவனம் தேவை. கடவுச்சீட்டைக் கபீல் பிடித்து வைக்கச் சட்டம் இடமளிப்பதில்லை. அப்ஷர் கணக்கை உங்கள் பெயரில் உங்கள் தொலைபேசி இலக்கத்தில் நீங்களே திறந்துகொள்ளுங்கள். 2015இல் இருந்து கொடுக்கப்படும் அட்டை ஐந்து வருட அட்டை; ஆனால் இகாமா அவ்வளவு காலத்துக்குக் கட்டப்பட்டதாக அர்த்தமில்லை. மூன்று மாதத்துக்கு மட்டும் புதுப்பிக்கவும் 2021 முதல் வழியுண்டு. அட்டையைப் பார்த்து ஆறுதல் அடையாமல் கணக்கில் திகதியைப் பாருங்கள். அந்தத் திகதி ஹிஜ்ரி திகதியா என்றும் பாருங்கள். ஹிஜ்ரி வருடம் ஆங்கில வருடத்தைவிடச் சுமார் 11 நாள் குறைவு என்பதை மறந்து தண்டம் கட்ட நேரக்கூடாது.

இறுதியாக, ஊரில் இருக்கும் எமக்கும் ஒரு பொறுப்பு உண்டு. வீசாவுக்குக் கடன் கேட்டு எம்மிடம்தான் வருகிறார்கள். நகையை அடகு பிடிப்பவரும், சீட்டுப் பணத்தை முன்கூட்டிக் கொடுப்பவரும், கைமாற்றுக் கொடுக்கும் கடைக்காரரும் நாமே. பள்ளிவாசல் நிர்வாகமும் ஊர் வர்த்தக சங்கமும் சேர்ந்து, விபரம் தெரிந்த இருவரை நியமித்து, வாரத்தில் ஒரு நாள் மஃரிபுக்குப் பிறகு போகிறவர்களின் பத்திரங்களை வாசித்துச் சொல்ல ஏற்பாடு செய்தால் அதற்குச் செலவேதும் இல்லை. கடன் கொடுப்பவர்களும் "பணம் தருகிறேன், முதலில் வீசாவையும் ஒப்பந்தத்தையும் கொண்டுவந்து காட்டு" என்று சொல்லப் பழக வேண்டும். அந்த ஒரு வார்த்தையால் கைமாறும் பணமும் தப்பும், போகிற பிள்ளையும் தப்புவான்.